வெங்காயத்துக்குப் போன சைக்கிளும் கிடாய்க்கு வந்த சைக்கிளும்

போன வாரம் என் மாமியார் கிணற்றுக்குள் மூக்குத்தி தேடிய கதையைச் சொன்னதிலிருந்து ஊரில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. மீதிப் பேர், "எங்க வீட்டுக் கதைய எடுத்து விட்றாத ஆத்தா" என்று டீ வாங்கித் தருகிறார்கள். வம்பே வேண்டாம். இந்த வாரம் என் கதை.

காணும் பொங்கல் சாயங்காலம். எங்கள் ஊர் மந்தைப் பொட்டலில் சுண்ணாம்புப் பொடியால் நீள நீளமாகக் கோடு போட்டிருந்தார்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரு சைக்கிள். அப்படி வரிசையாக நின்ற சைக்கிள்களில் ஒன்றின் மேல் நான்.

சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தேன். அதற்கு மேல் செத்துப்போன என் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை. பருத்தி எடுக்கப் போகும்போது போடுகிற சட்டை அது. அவர் உயிரோடு இருந்தபோது உழைத்ததைவிட இப்போதுதான் அந்தச் சட்டை அதிகம் உழைக்கிறது.

பக்கத்துக் கோட்டில் என் மகன் முத்துப்பாண்டி, இரவல் சைக்கிளில். கோயம்புத்தூரில் கம்பெனி வேலை; பஸ் இறங்கி நேரே மந்தைக்கு வந்திருந்தான். மீசையில் பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் என்னைப் பார்க்கிறபோது மட்டும் என் அப்பா மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான்.

மைக்கில் சத்தம் வந்தது. "இது மெதுவா ஓட்டுற போட்டி! கடைசியா வாரவுகதான் ஜெயிச்சவுக! காலு தரையில பட்டா அவுட்டு! பக்கத்துக் கோட்டத் தாண்டுனா அவுட்டு! ரெண்டாவது கோட்டுல நம்ம இருளாயி ஆத்தா நிக்கிறாக, ஒரு கைதட்டு குடுங்கப்பா!"

கைதட்டினார்கள். ஒருத்தன் விசிலும் அடித்தான்.

"எம்மா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. எறங்கிரு" என்றான் மகன்.

"நீ எறங்கு. ஒனக்குத்தான் முட்டி வலி."

எங்களுக்குள் பந்தயம் இதுதான். நான் காலை ஊன்றாமல் அவனுக்குப் பின்னால் வந்து சேர்ந்தால், சாகிறவரை நான் சைக்கிள் ஓட்டலாம். அவன் வாயைத் திறக்கக் கூடாது. நான் காலை ஊன்றிவிட்டால், இந்தச் சைக்கிளும் வெங்காயத்துக்குப் போய்விடும்.

அதென்ன வெங்காயம்? அதைச் சொல்லாமல் விசில் ஊத விடமாட்டேன்.

ஒரு சாக்கு வெங்காயம்

எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டிக்கும் திருச்சுழிக்கும் நடுவில், பஸ் நிற்காத இடத்தில் இருக்கிறது. என்னிடம் ஒரு லேடீஸ் சைக்கிள் இருந்தது. பருத்திக்காட்டுக்குப் போக, ஆட்டுக்குப் புல் கொண்டு வர, எம்.ரெட்டியபட்டிக்குப் போய் ஊர்ப்பேச்சுக் கேட்டு வர, எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காட்டிலிருந்து திரும்பினேன். கரிசல் மண்ணைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நனைந்துவிட்டால் அல்வா மாதிரி சக்கரத்தில் அப்பிக்கொண்டு, சுற்றவே விடாது. சைக்கிள் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. சேற்றில் குப்புற விழுந்தேன்.

அந்த வழியாக வந்த ஒரு மகராசன் என்னைத் தூக்குவதற்கு முன்னால் போட்டோ எடுத்தான். நான் வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் போட்டோ கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டது.

எலும்பு ஒன்றும் முறியவில்லை. முழங்கை வீங்கி வற்றியது, அவ்வளவுதான். ஆனால் தீபாவளிக்கு வந்த மகன், நான் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வேலையைக் காட்டிவிட்டான்.

எங்கள் பக்கம் பழைய இரும்பு எடுக்க வேனில் வருவார்கள். இரும்பைப் போட்டால் எடைக்கு எடை கணக்குப் பார்த்து வெங்காயம் தருவார்கள். நான் கடையிலிருந்து திரும்பி வந்தால், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் ஒரு சாக்கு உட்கார்ந்திருக்கிறது.

"ஏலே, என் சைக்கிளு எங்க?"

"இந்தா இருக்குல்ல" என்று சாக்கைக் காட்டினான்.

"இதுல ஏறி உக்காந்தா காட்டுக்குப் போகுமா?"

"ஷேர் ஆட்டோவுல போம்மா. நோகாம உக்காந்து போகலாம்."

"ஷேர் ஆட்டோ நம்ம காட்டுக்குள்ள வந்து, நான் களை எடுத்து முடிக்கிற வரைக்கும் நிக்குமா? புல்லுக்கட்டைத் தூக்கி டிரைவர் மடியில வைக்கட்டுமா?"

பதில் இல்லாதபோது அவன் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்டான்.

"கேஸை அணைச்சியா?"

இது அவனுக்கு ஒரு நோய். தினமும் போன் பண்ணுவான். சாப்பிட்டாயா, தூங்கினாயா எல்லாம் பிறகு. முதலில் கேஸ். நான் காட்டில் நிற்கும்போது கேட்பான், கல்யாண வீட்டுப் பந்தியில் இருக்கும்போது கேட்பான். ஒரு தடவை கோயிலில் சாமியாடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சாமியை நிறுத்திவிட்டு, "அணைச்சிட்டேம்ப்பா" என்று சொல்லிவிட்டு, திரும்ப ஆடினேன்.

அந்த வெங்காயத்தை நான் தொடவே இல்லை. வெங்காயம் போடாமலே குழம்பு வைத்தேன். கேவலமாகத்தான் இருந்தது. ஆனாலும் தொடவில்லை.

எழுத்துக்குப் போனேன், சைக்கிளோடு வந்தேன்

சைக்கிள் மேல் எனக்கு ஏன் இத்தனை பிரியம் என்று கேட்பீர்கள். என் மகன் டவுசர் போட்டுத் திரிந்த காலத்தில், படிக்காத பொம்பிளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர ஒரு டீச்சரம்மா ஊருக்கு வந்தார்கள். எழுத்தோடு சைக்கிளும் சொல்லித் தந்தார்கள். நான் எழுத்துக்கென்று பேர் கொடுத்துவிட்டு, சைக்கிளுக்குப் போனேன்.

பலகையில் 'அ' போடச் சொன்னால், எனக்கு அது தும்பிக்கையைச் சுருட்டி வைத்த யானைக்குட்டி மாதிரி வரும். சைக்கிள் அப்படி இல்லை. சேலைக்காகப் பாருக்கு அடியில் காலை விட்டு மிதித்து, நாலு வேலி, ஒரு எருமை, பஞ்சாயத்து போர்டு தலைவர் என்று மோதிப் பழகிவிட்டேன். நான் நெட்டச்சி வேறு. ஊரில் எனக்குப் பட்டப்பெயரே அதுதான். கால் எட்டாது என்கிற பிரச்சினையே இல்லை.

"இருளாயி, ஒனக்கு எழுத்து வேணுமா, சைக்கிளு வேணுமா?" என்று டீச்சரம்மா கேட்டார்கள்.

"சைக்கிளு என்னைய எங்கிட்டாச்சும் கொண்டு போயி விடும் டீச்சர். எழுத்து எங்க கொண்டு போகும்?"

இப்போது நான் சொல்ல, லீவுக்கு வந்திருக்கிற என் பேத்தி எழுத, நீங்கள் படிக்கிறீர்கள். எழுத்தும் கொஞ்ச தூரம் போகத்தான் செய்கிறது.

என் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். வீடு நிம்மதியாக இருந்தது. பிறகு காட்டுக்குச் சூடாகக் கஞ்சி வர ஆரம்பித்ததும் அவராகவே பேசிவிட்டார்.

மைனர்

சைக்கிள் போன பிறகு புல் கொண்டு வர வழியில்லாமல், இருக்கிற ஆடுகளில் மைனரை மட்டும் விற்றுவிடலாம் என்று ஒரு நாள் பாளையம்பட்டிக்குக் கிளம்பினேன். மைனர் என் கிடாய். மினுமினு என்று இருப்பான். குணமும் தங்கம். வாய் மட்டும் சரியில்லை. துணி கண்டால் விடமாட்டான். என் உள்பாவாடை இரண்டு, பக்கத்து வீட்டுத் தலையணை உறை, ஒரு கட்சிக் கொடி எல்லாம் அவன் வயிற்றில் இருக்கிறது.

மகன் சொன்ன ஷேர் ஆட்டோவில்தான் ஏற்றினேன். வழி நெடுக எனக்குப் பக்கத்தில் இருந்த சாரின் சட்டை நுனியை மைனர் சப்பிக்கொண்டே வந்தான். சாருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

பாளையம்பட்டியில் காசிம் பாய் ஆடு வாங்குவார். துபாயில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்தவர். அவர் வீட்டுக் கொட்டகையில் நின்று அண்ணாந்து பார்த்தேன். மைனரை மறந்துவிட்டேன்.

உத்தரத்தில் ஒரு சைக்கிள் தலைகீழாகத் தொங்கியது. டயர் ஒவ்வொன்றும் என் கை தண்டிக்குத் தடியாக இருந்தது. ஒரு சக்கரத்தில் புறா கூடு கட்டி, குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தது.

"பாய், அது என்னாது, வவ்வாலு மாதிரித் தொங்குது?"

"அதாம்மா? மலை சைக்கிளு. வெள்ளக்காரவுக மலையில ஓட்டுறது. முப்பது வருசத்துக்கு முந்தி துபாய்ல இருந்து கப்பல்ல போட்டுக் கொண்டாந்தேன். கியரு வச்சது, தெரியும்ல?"

"துபாய்ல மலை இருக்கோ?"

"நான் இருந்த எடத்துல இல்ல. மணலுதான்."

"நம்ம பக்கம்?"

பாய் தாடியைச் சொறிந்தார். அடுப்படியிலிருந்து அவர் வீட்டம்மா மைமூன் மதினியின் குரல் வந்தது.

"நல்லாக் கேளுங்க மதினி! மணக்காட்டுல இருந்து பொட்டக்காட்டுக்கு மலை சைக்கிளு கொண்டாந்த ஆளு இவுக ஒருத்தருதான். ரெண்டு தடவ ஓட்டுனாக. ரெண்டாந் தடவ கைலி செயின்ல மாட்டி, பஸ் ஸ்டாண்டு முன்னால கைலி ஒரு பக்கம், இவுக ஒரு பக்கம்…"

"ஏய், சும்மா இருக்க மாட்ட?"

"அன்னைக்குத் தொங்க விட்டதுதான் மதினி. புறா பேரன் பேத்தி எடுத்துருச்சு."

"எனக்குக் குடுங்க பாய்" என்றேன்.

பாய்க்கு ரோசம் வந்துவிட்டது. "விலைக்கெல்லாம் குடுக்க மாட்டேன். அது என் வயசுக்காலத்து ஆசை."

"விலைக்கு யாரு கேட்டா? மாத்திக்கிருவோம். கிடாயைப் பிடிங்க, சைக்கிளை இறக்குங்க."

பாய் மைனரைச் சுற்றி வந்தார். முதுகைத் தடவினார். பல்லைப் பிடித்துப் பார்த்தார். மைனர் அவர் விரலை நக்கி, எவ்வளவு நல்ல பிள்ளை என்று காட்டினான். பாய் முகத்தில் ஒரு சிரிப்பு முளைத்தது. அதைத் தாடிக்குள் ஒளித்துக்கொண்டு, "சரிம்மா, நீ கேக்குற, மறுக்க முடியல" என்றார்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருமுனை திரும்பியபோது உள்ளே பாய் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. துருப்பிடித்த இரும்பைக் கொடுத்துக் கிடாய் வாங்கிய சிரிப்பு. சிரிக்கட்டும். கொடியில் காய்ந்த கைலிகளை மைனர் இன்னும் பார்க்கவில்லை.

வெள்ளைக்காரனுக்கு ஆடு கிடையாதா?

வீட்டுக்குக் கொண்டு வந்து சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தேன். புறா எச்சம் லேசில் போகவில்லை. பளபளப்பு இரும்புக்குப் புளி போட்டேன். தேய்க்கத் தேய்க்க அழுக்குக்குள்ளிருந்து நிறம் வந்தது. முன்பக்கம் ஊதா, போகப் போகக் கிளிப்பச்சை, அருப்புக்கோட்டைச் சேலையின் முந்தி மாதிரி. ஒரு கம்பியில் எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்தில் மூன்று மலை வரைந்திருந்தது. அது எனக்குப் புரிந்தது.

பிறகு எம்.ரெட்டியபட்டியில் சைக்கிள் கடை வைத்திருக்கிற தவசியிடம் போனேன். அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"பெரியம்மா, இது சைக்கிளா, தறியா? இத்தன கம்பி ஓடுது!"

"நீதான மெக்கானிக்கு?"

"நான் பஞ்சரு ஒட்டுறவன். இதுல பாருங்க, முன்னால மூணு பல்லுச் சக்கரம், பின்னால இட்லித்தட்ட அடுக்கி வச்ச மாதிரி ஒரு அடுக்கு. எது எதோட பேசுமுன்னே தெரியலையே."

ஆனாலும் பயல் விடவில்லை. எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் பரப்பினான். செயினை டீசலில் ஊறப்போட்டான். போனில் ஒரு வெள்ளைக்காரன் கியர் மாட்டுகிற படம் போட்டு, பேச்சுப் புரியாததால் சத்தத்தை நிறுத்திவிட்டு, அவன் கையை மட்டும் பார்த்து மாட்டினான். கடைசியில் ஒரு ஸ்பிரிங் மிச்சம் இருந்தது. நான் பார்க்கிறேனா என்று பார்த்தான். பார்த்துக்கொண்டிருந்தேன். பெருமூச்சு விட்டு, திரும்பவும் எல்லாவற்றையும் கழற்றினான்.

பழைய டயர் கோடைக் கண்மாய் மாதிரி வெடித்திருந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து புது டயர் வாங்கி வரச் சொன்னேன். எங்கள் பக்கம் சீமைக்கருவேல முள் எந்த டயரையும் மதிக்காது. அதனால் பழைய டயரின் ஓரத்தை அறுத்துவிட்டு, அதைப் புது டயருக்கு உள்ளே வைத்து மாட்டினோம். சைக்கிளுக்கும் உள்பாவாடை.

உட்காருகிற சீட்டு மரக்கட்டை மாதிரி இருந்தது. பிரித்து, என் காட்டுப் பருத்தியை அடைத்து, பழைய சேலையில் உறை தைத்தேன்.

"கேரியரு எங்க?" என்று கேட்டேன்.

"இந்தச் சைக்கிளுக்குக் கேரியரு கெடையாது பெரியம்மா."

"புல்லுக்கட்ட எங்க வைக்கிறது? மலை ஏறுற வெள்ளக்காரனுக்கு ஆடு கெடையாதா?"

இரும்புக் கம்பி வளைத்துப் பற்றவைத்து ஒரு கேரியர் போட்டுக் கொடுத்தான்.

வேலை முடிந்த அன்று கண்மாய்க்கரையில் ஓட்டிப் பார்த்தேன். கட்டைவிரலால் தட்டினால், 'டக்' என்று செயின் தட்டு மாறுகிறது. மேட்டில் ஏறும்போது கால் நோகவில்லை. இறக்கத்தில் இன்னொரு 'டக்'. காற்று காதில் இரைந்தது. ஆயுசில் முதல் தடவையாக என் நிழல் என்னைப் பிடிக்க முடியாமல் ஓடி வந்தது. கத்தினேன் போலிருக்கிறது. கண்மாய்க்குள் மேய்ந்த கொக்கெல்லாம் எழும்பிவிட்டன.

கொழுந்தனாரின் சந்தனம்

பூசை போடாமல் எங்கள் ஊரில் எந்த வண்டியும் ஓடாது. தவசி சைக்கிளைத் துடைத்து, செயினை மேடு ஏறுகிற ரொம்ப லேசான தட்டில் நிறுத்தி, "அய்யனாரு கோயில்ல பூசை போட்டுட்டு ஓட்டுங்க" என்று அனுப்பினான்.

பூசாரி கருப்பையா என் கொழுந்தனார். எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். ஒரு தடவை எங்கள் வீட்டுப் புதுக் கிரைண்டருக்குப் பூசை போட்டார். அப்புறம் ஒரு மாதம் இட்லி விபூதி வாசனையடித்தது.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். தேங்காய் உடைத்தார். பிறகு குனிந்து பின்சக்கரத்தை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"என்ன மதினி, இத்தன தட்டு இருக்கு! ஒண்ணுக்குப் பூசி ஒண்ணுக்கு விட்டா நல்லாவா இருக்கும்?"

ஒரு கிண்ணம் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தார். பல்லுக்குப் பல்லு, தட்டுக்குத் தட்டு, கம்பி, ஸ்பிரிங், கட்டைவிரலால் தட்டுகிற அந்தக் குமிழ் வரைக்கும் அப்பி, மேலே குங்குமம் வைத்தார். கடையில் விற்கிற பாக்கெட் சந்தனம். அதில் சந்தனத்தைத் தவிர எல்லாம் இருக்கும்.

"இன்னைக்கு நாளு சரியில்ல. கோயில்லயே நிக்கட்டும், நாளைக்கு எடுங்க" என்றார்.

ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்றது. சந்தனம் சிமெண்டு ஆகிவிட்டது.

மறுநாள் ஏறி மிதித்தேன். கால் பம்பரமாகச் சுற்றுகிறது, சைக்கிள் நகர மாட்டேன் என்கிறது. குமிழைத் தட்டினால் அசையவில்லை. ஆடு பத்திக்கொண்டு போன பெரியவர் ஒருத்தர் என்னைத் தாண்டிப் போனார். அவர் ஆடுகளும் தாண்டிப் போயின. ஒரு நொண்டி ஆடுகூடத் தாண்டிவிட்டு, திரும்பிப் பார்த்தது.

தவசி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "எந்தப் புண்ணியவான் பாத்த வேலை இது? வெந்நீரை ஊத்தி ஊத்தி, பல்லு வெளக்குற பிரஷ்ஷ வச்சுத் தேய்க்கணும் பெரியம்மா. பொங்கல் கழியட்டும், எனக்கு மூச்சு விட நேரமில்ல."

எனக்கு அழுகை வந்தது. அப்போது ரோட்டில் மைக் கட்டின ஆட்டோ போனது. எங்கள் ஊர் இளவட்டங்கள் பொங்கல் போட்டிகளைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். உறியடி, கோலப்போட்டி, மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "தவசி, அதைத் தொட்டிராத. அப்படியே இருக்கட்டும்."

ராத்திரி வழக்கம்போல மகன் போன். யாரோ அவனுக்குப் போட்டோ அனுப்பிவிட்டார்கள்.

"கேஸை அணைச்சியா? அதென்னம்மா, இன்னொரு சைக்கிளு? பொங்கலுக்கு வாரேன், அதையும் தூக்கிப் போடுறேன்."

"எதுக்கு?"

"நீ விழுந்திருவ. ஒனக்கு இந்த வயசுல நெதானம் கெடையாது."

"நெதானம் இருக்கா இல்லையான்னு மந்தையில பாப்போம். மெதுவா ஓட்டுற போட்டிக்கு வாறியா? நான் காலை ஊனாம ஒனக்குப் பின்னால வாரேன். ஊனுனா நானே வெங்காயத்துக்குப் போட்டிர்றேன்."

அந்தப் பக்கம் சிரித்தான். பள்ளிக்கூடத்தில் இந்தப் போட்டியில் எவர்சில்வர் தட்டு வாங்கியவன் அவன். அந்தத் தட்டில்தான் இன்றைக்கும் நான் சாப்பிடுகிறேன்.

"சரிம்மா. சொன்ன சொல்லு மாறக் கூடாது."

"நீ மாறாத."

மந்தையில்

இப்போது விசில் ஊதலாம்.

ஊதினார்கள். கிளம்பினோம். ஒரு காலேஜ் பையன் நாலு முழம் போவதற்குள் சாய்ந்தான். இன்னொருவன் பக்கத்துக் கோட்டுக்குள் புகுந்து, அங்கே இருந்தவனையும் கூட்டிக்கொண்டு விழுந்தான். நான் பாட்டுக்கு மிதித்தேன். கால் ஓடிக்கொண்டே இருக்கிறது. சைக்கிள் எறும்பு மாதிரி ஊர்கிறது. தடித்த டயர் தரையைக் கவ்விப் பிடித்திருந்தது. கொழுந்தனாரின் சந்தனம் ஒரு துளியும் உதிரவில்லை.

கடைசியில் நானும் மகனும் மட்டும் மிச்சம். அவனும் சாமர்த்தியக்காரன். பிரேக்கைப் பிடித்து, ஹேண்டிலை ஆட்டி, நின்ற இடத்திலேயே நின்றான். நான் ஊர்ந்து ஊர்ந்து அவனைத் தாண்டிப் போய்விடுவேன் போல இருந்தது. தாண்டினால் போச்சு. நான் நிற்கலாம் என்றால், சேலை கட்டின உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது. முடிகிற கோடும் பக்கத்தில் வந்துவிட்டது.

இந்தப் பக்கம் திரும்பி என் காட்டைப் பார்த்தேன். இந்தச் சைக்கிள் போய்விட்டால், இனிமேல் யாராவது கூட்டிப் போனால்தான் அங்கே போவேன். அவன் முகத்தைப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, கண் இமைக்காமல் நிற்கிறான்.

மெதுவாகக் கேட்டேன். "ஏப்பா, பாலை வச்சிட்டு வந்தேனே. கேஸை அணைச்சேனா?"

டொப்பென்று கால் ஊன்றினான்.

"எம்மா! என்னம்மா சொல்ற?"

எனக்கு முடிகிற கோட்டைத் தாண்டுகிற வேலை இருந்தது. மைக் பிடித்தவன் கத்தினான், யாரோ வெடி போட்டார்கள். நான் நிற்காமல் அப்படியே வீட்டுப் பாதையில் திரும்பிவிட்டேன்.

வீடு வரைக்கும்

மகன் இரவல் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். ஓட வேண்டியதே இல்லை. நடந்தாலே என்னைப் பிடித்துவிடலாம்.

"நில்லும்மா, நான் முன்னால ஓடிப் பாக்குறேன்."

"சாவி என் இடுப்புல இருக்கு. வா, சேந்து போவோம்."

பக்கத்திலேயே நடந்தான். அவன் நடை வேகமும் என் சைக்கிள் வேகமும் ஒன்றாக இருந்தது. கொஞ்ச தூரம் கேஸைப் பற்றித் திட்டினான். பிறகு திட்டு தீர்ந்துவிட்டது.

"அன்னைக்குப் போட்டோ வந்துச்சும்மா" என்றான். "நீ சேத்துல கெடக்குற. அவ்வளவுதான். எந்திரிச்சியா, இல்லையான்னு ஒருத்தரும் சொல்லல. ஒனக்குப் போன் போட்டா எடுக்கல. பொழுது அடையுற வரைக்கும் எடுக்கல."

"போனும் சேத்துக்குள்ள கெடந்துச்சுப்பா."

"அது எனக்கு எப்புடித் தெரியும்?"

நான் மிதித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அவன் கை எப்போதோ கேரியரைப் பிடித்திருந்தது.

"கேரியர விடுலே, பின்னால இழுக்குது" என்றேன். விட்டான். சிரித்துவிட்டான்.

வீட்டைத் திறந்ததும் அடுப்படிக்குப் பாய்ந்தான். பாலும் இல்லை, பாத்திரமும் இல்லை. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தான். ஒரு கையில் வந்துவிட்டது.

"எம்மா… இது காலி."

"பொங்கலுக்கு முந்தியே தீந்து போச்சு. வெறகடுப்புலதான் வைக்கிறேன். நான் அணைச்சேனான்னுதான் கேட்டேன். எரியுதுன்னா சொன்னேன்?"

இடுப்பில் கை வைத்து என்னையே பார்த்தான். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தான். நான் கொல்லைக்குப் போனேன். அவன் கொடுத்த வெங்காயம் சாக்குக்குள்ளேயே முளைவிட, மூலையில் ஊன்றி வைத்திருந்தேன். அந்த வெங்காயத்தாளைப் பறித்து வதக்கி, அவன் ஜெயித்த எவர்சில்வர் தட்டிலேயே சோறு போட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "சரி, ஓட்டிக்க. ஆனா ஒண்ணு. அந்தக் கியரு இப்படியே இருக்கணும். தவசி கிட்டக் குடுத்து ரிப்பேரு பாக்கக் கூடாது. இந்த வேகம்தான் ஒனக்கு."

"தவசி கை படாதுப்பா. சத்தியம்."

இதற்கு மேல் நடந்ததை அப்பாவிடம் சொல்லமாட்டேன் என்று, எழுதுகிற பேத்தி என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறாள். அவள் அவன் மகள்தான். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

மறுநாள் எம்.ரெட்டியபட்டிக்கு அவன் நடக்க, நான் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கியரைத் தொட்டிராத" என்று கத்தினான். கையை ஆட்டினேன். ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தேன். விறகடுப்பை மூட்டி, பெரிய குண்டானில் தண்ணீர் வைத்தேன்.

அந்த வழியாக வந்த கொழுந்தனார் எட்டிப் பார்த்தார். "என்ன மதினி, வெந்நீரு காயுது? நேத்து ஓட்டுனது காலு வலிக்குதாக்கும்?"

"ஆமா கொழுந்தனாரே" என்றேன். "ஒங்க வீட்டுல பல்லு வெளக்குற பிரஷ்ஷு பழசு இருந்தா, ஒண்ணு குடுத்து விடுங்க."